இருபத்தாறு சென்டிமீட்டர் நகர்ந்த சுவர்



அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் சால்வையோடு முடிந்துபோகும். 1965இல் லண்டனில் நிகழ்ந்த ஒன்று அப்படி முடியவில்லை. மண்பொறியியலாளர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ராங்கின் சொற்பொழிவு வரிசையில் அது ஐந்தாவது. பேசியவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேதன் நியூமார்க். அணைகளும் மண்கரைகளும் நிலநடுக்கத்தில் என்ன ஆகின்றன என்பது பொருள். அதுவரை பொறியாளர்கள் கேட்டுவந்தது ஒரே கேள்விதான்: கரை நிற்குமா, விழுமா? மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசையை, அதைக் கீழே தள்ளும் விசையால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்தக் காப்பு எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் கரை நிற்கும், கீழே போனால் விழும். இப்படித்தான் கணக்கு நடந்தது.

நியூமார்க் அந்தக் கேள்வியையே மாற்றினார். நிலநடுக்கத்தின்போது காப்பு எண் ஒன்றுக்குக் கீழே இறங்குவது நொடியின் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே. அடுத்த கணமே நிலம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. தாம்பாளத்தில் செம்பை வைத்து மெல்ல இழுத்தால் செம்பும் கூடவே வரும். வெடுக்கென்று இழுத்தால் சற்றுப் பின்தங்கும், கவிழ்ந்துவிடாது. கரையும் ஒவ்வொரு உலுக்கலுக்கும் கொஞ்சம் நழுவுகிறது. நழுவல் தொடங்குவதற்கு எவ்வளவு முடுக்கம் வேண்டும், அதைத் தாண்டிய உலுக்கல்கள் எத்தனை, எல்லாம் சேர்ந்து கரை எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் கணக்கிட வேண்டும் என்றார் அவர்.

இன்றைய பேச்சின் வாதமும் அங்கிருந்தே கிளம்புகிறது. வலுவூட்டிய மண்கரை நிலநடுக்கத்தில் பிழைப்பது அளவோடு அசையத் தெரிந்ததால். அந்த அளவு எவ்வளவு, அசைவு கரையின் எந்தப் பகுதியில் நிகழும் என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் வடிவமைப்பின் உண்மையான வேலை. மற்றவை எல்லாம் அதற்கு ஏற்பாடுகள்.

1. வலை மண்ணுக்குக் கொடுப்பது

மண் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிரிந்துவிடும். உலர்ந்த மணலைக் குவித்தால் முப்பது, முப்பத்தைந்து பாகைக்கு மேல் சரிவு நிற்காது. 1963இல் பிரான்சைச் சேர்ந்த ஆன்றி விடால் காப்புரிமை பெற்ற முறை இந்தக் குறைக்கு மருந்து. மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்குகளுக்கு இடையே உலோகப் பட்டைகளை விரித்தார். மண் நகரப் பார்க்கும்போது பட்டையோடு உராய்கிறது. இழுவிசையைப் பட்டை வாங்கிக்கொள்கிறது. இன்று உலோகத்தின் இடத்தைப் பெரும்பாலும் பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் ஜியோகிரிட் வலைகள் பிடித்துவிட்டன. ஓர் அடுக்கு மண், அதன்மேல் ரோலர், பிறகு வலை, மறுபடி மண். இப்படி எழுப்பினால் எழுபது பாகைச் சரிவுகூட நிற்கும். அதைவிடச் செங்குத்தானவற்றை அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை சுவர் என்று தனியாக வகைப்படுத்துகிறது. மண்ணுக்கு அந்த வகைப்பாடு தெரியாது என்பதால், இந்தப் பேச்சில் சரிவும் சுவரும் சேர்ந்தே வரும்.

இந்த யோசனை புதிதல்ல. பாக்தாத் அருகே அகர் கூஃப் என்னுமிடத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையான ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. பச்சைச் செங்கல் வரிசைகளுக்கு நடுவே நாணல் பாய்களை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். விடாலுக்குக் காப்புரிமை கொடுத்த அலுவலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

பிளாஸ்டிக் வலையைப் பற்றி ஒரு தயக்கம் எப்போதும் எழும். நெடுநாள் சுமை தாங்கினால் அது மெல்ல மெல்ல நீளும். அதற்காகவே வடிவமைப்பில் அதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நிலநடுக்கமோ சில பத்து நொடிகளில் முடிந்துவிடும். வேகமாக இழுத்தால் இதே பாலிமர் இன்னும் விறைப்பாகவும் பலமாகவும் நடந்துகொள்ளும். நூறு ஆண்டுச் சுமைக்காக ஒதுக்கிவைத்த பலத்தின் பெரும்பகுதி அந்தச் சில நொடிகளுக்குக் கைகொடுக்கிறது. இந்தக் கரைகள் கணக்கைவிட நன்றாகத் தாங்கியதற்கு இது ஒரு காரணம்.

2. உச்சியில் கூடும் அதிர்வு

நிலநடுக்க அலை கீழிருந்து மேலே ஏறுகிறது. கரையின் உச்சிக்கு மேலே மண் இல்லை, முகப்பின் பக்கமும் மண் இல்லை. பிடித்துவைக்க ஆளில்லாத இடத்தில் அலை பெருகுகிறது. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியை உலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், டார்சானா என்னுமிடத்தில் ஒரு செடி நாற்றுப்பண்ணை இருந்த சிறு குன்றின்மேல் வைத்திருந்த கருவி 1.78 ஜி முடுக்கத்தைப் பதிவுசெய்தது. புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. சுற்றுப்புறத்தில் இருந்த கருவிகள் காட்டியது அதைவிட மிகக் குறைவு.

கரையின் உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மண்ணுக்குள் அதிர்வலை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் உயர மண்படுகையின் இயல்பான ஊசல் நேரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி. வரும் அலையும் அதே தாளத்தில் இருந்தால் உச்சி ஆடுவது பல மடங்காகும். உயரத்தைக் கூட்டினால் தாளம் மெதுவாகும். வேறு வகை நிலநடுக்கங்கள் அதோடு ஒத்துப்போகும். சிறு கரைக்குப் போட்ட கணக்கைப் பெரிய கரைக்கு நீட்டிவிட முடியாததற்கு இது ஒன்றே போதும்.

வலை போட்டால் இந்த அதிர்வு அடங்கும் என்று நினைக்கத் தோன்றும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மாதவி லதாவும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் அதிர்வு மேடையில் சிறு மண்கரைகளை வைத்து உலுக்கிப் பார்த்தார்கள். சோதனையில், வலை போட்ட கரையிலும் போடாத கரையிலும் உச்சியின் முடுக்கம் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபட்டது நகர்வு. வலை போட்ட கரை தெளிவாகவே குறைவாக நகர்ந்தது. உலுக்கலை வலை தடுப்பதில்லை. உலுக்கலுக்கு மண் கொடுக்கும் விலையைக் குறைக்கிறது. கரையின் உச்சியில் ஓடும் சாலையிலோ அங்கே நிற்கும் கட்டடத்திலோ இருப்பவர் அதே ஆட்டத்தைத்தான் உணர்வார். இதை நிர்வாகிகளிடம் சொன்னால், பிறகு எதற்கு வலை என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை ஜப்பானின் கோபே நகரில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு சோதனைக்கூடத்தை எட்டிப் பார்க்க வேண்டும்.

3. வெட்டுக்கோடு இல்லாத சேதம்

சிறு மாதிரிகளில் ஒரு சிக்கல் உண்டு. மண்ணின் குணம் அதன்மேல் ஏறியிருக்கும் சுமையைப் பொறுத்தது. அரை மீட்டர் மணல்மேட்டில், 10 மீட்டர் கரையின் அடியில் இருக்கும் அழுத்தம் கிடைக்காது. அதனால் மாதிரியை நீண்ட இரும்புக் கையின் நுனியில் பொருத்திச் சுழற்றுகிறார்கள். புவியீர்ப்பைப்போல் 50 மடங்கு விசை வருமாறு சுழன்றால் 20 சென்டிமீட்டர் மாதிரி 10 மீட்டர் கரையைப்போல் நடந்துகொள்ளும். அப்படிச் சுழலும்போதே அதை உலுக்கவும் வேண்டும்.

கலிபோர்னியாவில் லிலி நோவா-ரோசிக், நிக்கலஸ் சிட்டார் இருவரும் வலுவூட்டிய சரிவுகளை இவ்வாறு சோதித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓரளவு சிறிய உலுக்கலிலேயே சரிவு நகரத் தொடங்கியது. பெரிய உலுக்கலில் நகர்வு கணிசமாகவே இருந்தது. ஆனால் மண்ணை இரண்டாகப் பிளக்கும் தெளிவான நழுவுதளம் எங்கும் தோன்றவில்லை. மொத்தக் கரையும் கொஞ்சம் முன்னே பிதுங்கி, கொஞ்சம் கீழே அமர்ந்தது. அவ்வளவுதான்.

செம்பும் தாம்பாளமும் இங்கே முழுதாகப் பொருந்தவில்லை என்பது கவனித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். செம்பு ஒரே கட்டியாக நழுவும். வலை போட்ட மண் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, அசைவைப் பகிர்ந்துகொள்கிறது. நியூமார்க்கின் கேள்வி சரி, அவருடைய கட்டி மாதிரி இங்கே தோராயந்தான். நகர்வைத் தீர்மானிப்பவை எவை என்றும் அந்தச் சோதனைகள் காட்டின: நிரப்பு மண்ணின் இறுக்கம், வலையின் விறைப்பு, அடுக்கு இடைவெளி, சரிவின் சாய்வு. நான்கில் முதலாவது எந்தத் தொழிற்சாலையிலும் தயாராவதில்லை. ரோலர் ஓட்டுபவரும், அவர் பக்கத்தில் நின்று மண்ணின் ஈரத்தைப் பார்க்கும் மேற்பார்வையாளரும் சேர்ந்து தீர்மானிப்பது அது. விலையுயர்ந்த வலையைத் தருவித்துவிட்டு மண்ணை அரைகுறையாக இறுக்கும் வேலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு உறைக்க வேண்டும்.

4. டனட்டா

1995 ஜனவரி 17, காலை 5.46. நார்த்ரிட்ஜ் அதிர்ந்து சரியாக ஓராண்டு. ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. ஆறாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோபே வானிலை நிலையத்தில் பதிவான முடுக்கம் 0.8 ஜியைத் தாண்டியது. ரயில் பாதைகளின் ஓரம் பழைய கல்சுவர்களும் இரும்பில்லாத கான்கிரீட் தாங்குசுவர்களும் வரிசையாகக் கவிழ்ந்தன. அவற்றில் சில 1920களில் கட்டியவை.

அங்கே டனட்டா என்னுமிடத்தில் ஒரு புதுவகைச் சுவர் இருந்தது. 1992இல் முடிந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஃபுமியோ டட்சுவோக்காவும் ஜப்பானிய ரயில்வே ஆய்வுக் கழகத்தினரும் உருவாக்கிய முறை அது. 30 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்கு என்று வலையை நெருக்கமாகப் போடுகிறார்கள். முகப்பில் சரளை நிரப்பிய பைகளை அடுக்குகிறார்கள். மண் தன் எடையில் அமரும்வரை காத்திருந்து, அதன்பிறகே அந்தப் பைகளின்மேல் நேரடியாகக் கான்கிரீட் முகப்பை வார்க்கிறார்கள். அமர வேண்டிய மண் அமர்ந்து முடிந்தபின் வார்ப்பதால், முகப்பும் மண்ணும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டையிடுவதில்லை.

அந்தச் சுவரை வடிவமைத்தபோது கணக்கில் எடுத்த பக்கவாட்டு முடுக்கம் 0.2 ஜி மட்டுமே. அன்றைய வழக்கம் அது. வந்ததோ பல மடங்கு. சுற்றிலும் மரவீடுகள் தரைமட்டமாயின. சுவர் நின்றது. ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. மிகுதியாக நகர்ந்த பகுதியில் உச்சி 26 சென்டிமீட்டர் முன்னே வந்திருந்தது. தரைமட்டத்தில் 10 சென்டிமீட்டர். அதன் எதிர்ப்பக்கத்தில், நிலத்தைத் துளைத்து இறக்கிய தூண்களின்மேல் நின்ற இரும்புக் கான்கிரீட் தாங்குசுவர் ஒன்றும் இருந்தது. தூண்கள் போட்டதால் அதற்கான செலவு கூடுதல். அதுவும் ஏறக்குறைய அதே அளவு நகர்ந்திருந்தது.

பழைய பார்வையில் 26 சென்டிமீட்டர் நகர்ந்த சுவர் தோற்ற சுவர். காப்பு எண் ஒன்றுக்குக் கீழே போனதற்குச் சாட்சி. ஜப்பானிய ரயில்வே வேறு விதமாகப் படித்தது. கவிழ்ந்துபோன கரைகள் பலவற்றை இதே முறையில் மறுபடி கட்டியது. கோபேக்குப் பிறகு ரயில்வே விதிகள் இரண்டு நிலை நிலநடுக்கங்களைத் தனித்தனியே பார்க்கத் தொடங்கின. கட்டுமானத்தின் ஆயுட்காலத்தில் வரக்கூடிய சாதாரண உலுக்கல் ஒன்று. அரிதாக வரும், ஆனால் கோபேயைப்போல் கடுமையானது மற்றொன்று. இரண்டாவதற்குக் கரை அசையக் கூடாது என்று யாரும் கேட்பதில்லை. பாதையின் முக்கியத்துவத்தைப் பொறுத்து, எவ்வளவு அசையலாம் என்றே கேட்கிறார்கள்.

5. வலை முடியும் இடம்

வெற்றிக் கதையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது விளம்பரமாகிவிடும். 1999 செப்டம்பர் 21 நள்ளிரவுக்குப் பின் தைவானின் சி-சி நிலநடுக்கம் வந்தது. அளவு 7.6. பூலி நகரில் சி நான் தேசியப் பல்கலைக்கழகத்தின் நுழைவாயில் அருகே 40 மீட்டர் உயர வலுவூட்டிய சரிவு ஒன்று இருந்தது. அது சரிந்தது. தீவின் வேறு சில இடங்களில் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி முகப்பாக வைத்த வலுவூட்டிய சுவர்களும் விழுந்தன.

வலை அறுந்ததுதான் காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆய்வாளர்கள் பார்த்தது வேறு. பூலியில் சரிவின் உயரத்துக்கு வலையின் நீளம் போதவில்லை. விழுந்த கட்டைச் சுவர்களில் வலை அடுக்குகளுக்கு இடையே தூரம் அதிகம். முகப்புக் கட்டைக்கும் வலைக்குமான பிடிப்பும் பலவீனம். வலை போட்ட பகுதி ஒரு திண்மையான கட்டியாகிவிடுகிறது. அதன் முதுகில், வலை முடியும் இடத்தில், விறைப்பு சட்டென்று மாறுகிறது. இழுவிசை அங்கே குவிகிறது. நார்த்ரிட்ஜில் நன்றாகத் தாங்கிய சுவர்களின் பின்னால்கூட, வலையின் நுனிக்கு நேர் மேலே தரையில் விரிசல்கள் ஓடின. நிலநடுக்கத்துக்கு மறுநாள் கரையைப் பார்க்கப் போகும் பொறியாளர் முகப்பைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. உச்சியில் ஏறி, வலை எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் பார்த்து, அந்தக் கோட்டோடு நடந்து தேட வேண்டும்.

வலை எட்டாத இன்னோர் இடம் கரைக்கு அடியில் இருக்கும் நிலம். மேலே எத்தனை அடுக்கு வலை போட்டாலும், கீழே உள்ள தளர்ந்த மணல் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகிவிட்டால் கரை முழுதாக ஒரு பக்கம் போய்விடும்.

6. தண்ணீர்

2004 அக்டோபர் 20 அன்று ஒரு பெரும் புயல் ஜப்பானைக் கடந்து போனது. மலைகள் நனைந்து ஊறிக் கிடந்தன. மூன்றே நாளில், 23ஆம் தேதி மாலை, நீகாட்டா பகுதியில் நிலம் அதிர்ந்தது. யமகோஷி என்னும் மலைக்கிராமத்தைச் சுற்றி ஏராளமான நிலச்சரிவுகள். ரயில் கரைகள் பல கரைந்து இறங்கின. அவற்றிலும் சிலவற்றை வலுவூட்டிய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. 2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதி அதிர்ந்தபோது சாங், தப்பர், ஷிவலாக்கா உள்ளிட்ட மண் அணைகள் பிளந்து அமர்ந்தன. அடியில் இருந்த வண்டல் மண் இளகியதே காரணம். நீர்த்தேக்கங்களில் அப்போது தண்ணீர் குறைவு. அதனால் அணைகள் சேதமடைந்தும் ஊர்களை வெள்ளம் அடித்துப்போகவில்லை. அதே நிலநடுக்கம் நிரம்பிய மழை ஆண்டில் வந்திருந்தால் கணக்கு வேறு.

வலையின் பிடிப்பு பெரும்பாலும் உராய்வுதான். உராய்வு, மண்துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றன என்பதைப் பொறுத்தது. துளைகளில் நீர் நிரம்பி, உலுக்கலில் அது வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறினால், அந்த நீரே துகள்களைத் தூக்கிப் பிடிக்கிறது. வலை அறுபடாமலே பிடியை இழக்கிறது. ஜியோகிரிட்டின் பலத்தை நூறு பக்கச் சோதனை அறிக்கையாகக் கேட்கும் ஒப்பந்தங்கள், கரைக்குப் பின்னால் வடிகால் சரளை எவ்வளவு தடிமன் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுவது வேடிக்கை.

7. பாக்யோங்

சிக்கிமில் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாக்யோங் விமான நிலையம் 2018 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஓடுதளத்துக்குச் சமதளம் இல்லாததால் மலையின் ஒரு பக்கத்தை வெட்டி மறுபக்கத்தை நிரப்பினார்கள். அந்த நிரப்புக் கரையின் உயரம் சில இடங்களில் 70 மீட்டரைத் தாண்டுகிறது. முகப்பில் கல் நிரப்பிய கம்பிவலைப் பெட்டிகள், உள்ளே பாலிமர் வலைகள். உலகின் மிக உயரமான வலுவூட்டிய மண்கட்டுமானங்களில் அது ஒன்று.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2011 செப்டம்பர் 18 மாலை, 6.9 அளவுள்ள நிலநடுக்கம் சிக்கிமை உலுக்கியது. மழைக்காலம் முடியாத நேரம். மாநிலமெங்கும் சாலைகளை நிலச்சரிவுகள் மூடின. அதுவரை எழுந்திருந்த கரை பெரிய சேதமின்றித் தப்பியது. இதை வெற்றி என்று அறிவிக்க அவசரப்பட வேண்டாம். நிலநடுக்க மையம் சிக்கிம் தலைநகர் காங்டாக்கிலிருந்து ஏறக்குறைய 68 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கரையோ இன்னும் முழு உயரத்தை எட்டவில்லை. முழுதாக எழுந்த 70 மீட்டர் கரையின் ஊசல் நேரமே வேறு. நெருக்கத்தில் வரும் பெரிய நிலநடுக்கம் அதை எப்படி நடத்தும் என்பதை 2011 சொல்லிவிடவில்லை.

இமயமலைச் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் இத்தகைய கரைகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகின்றன. ஒப்பந்த ஆவணத்தில் காப்பு எண் 1.1 என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், இன்ன உலுக்கலுக்கு உச்சி இத்தனை சென்டிமீட்டர்வரை நகரலாம், அதற்கு மேல் கூடாது என்று எழுதலாம். ஓடுதள விளிம்புக்கு அந்த எண் சிறிதாகவும், கிராமச் சாலைக்குப் பெரிதாகவும் இருக்கட்டும். செலவும் அதற்கேற்ப மாறும்.

எழுதிய எண்ணைச் சரிபார்க்க முந்தைய நிலை தெரிந்திருக்க வேண்டும். உச்சியிலும் முகப்பிலும் சில அளவைக் குறிகளைப் பதித்து, கரையை ஒப்படைக்கும் நாளில் ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறையும் டோட்டல் ஸ்டேஷன் என்னும் நில அளவைக் கருவியை வைத்துப் படித்துப் பதிவுசெய்ய வேண்டும். மொத்தச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பதிவேடு இருந்தால், அதிர்வுக்கு மறுநாள் காலையில் கரை மழைக்காலங்களில் நகர்ந்தது எவ்வளவு, முந்தைய இரவில் நகர்ந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, ஓடுதளத்தைத் திறக்கலாமா என்று அன்றைக்கே முடிவெடுக்கலாம்.